முதல் சம்பளத்து டயர்

ஹா பொசோ
மே 12, திங்கட்கிழமை

அன்பு மகன் மொஹாவுக்கு,

நீ நலமாக இருக்கிறாயா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, அந்த ஊர்க் குளிர்மழையில் நான் கொடுத்தனுப்பிய கம்பளியைப் போர்த்திக்கொள்கிறாயா அல்லது மடிப்புக் கலையாமல் பெட்டியிலேயே வைத்திருக்கிறாயா. இங்கே நாங்கள் மூவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், எடுத்ததும் உன் அப்பாவின் முழங்கை நினைவுக்கு வந்தது, அதனால் இரண்டு பேர் நலம், மூன்றாமவர் நலம் என்று சொல்லிக்கொண்டு திரிகிறார் என்று மாற்றி எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் பேசுகிறோமே, பிறகெதற்குக் கடிதம் என்று நீ நினைக்கலாம். போனில் என்ன பேசுகிறோம் சொல். சிக்னல் கிடைப்பது கோவிலுக்குப் பின்னால் இருக்கும் மேட்டில் மட்டும், பூசை முடிந்து பாதி ஊர் அங்கேதான் நிற்கிறது, உன் அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டு வானத்தைப் பார்த்துப் பிடித்துக்கொள்கிறார், நீ இருமினால்கூட நாற்பது பேருக்குக் கேட்கிறது. நீ “டயர் எப்படி இருக்குப்பா?” என்று கேட்கிறாய், அவர் “மெத்தையில உக்காந்து போற மாதிரி இருக்குடா!” என்று கத்துகிறார், கூட்டம் சிரித்துக்கொண்டே தலையாட்டுகிறது, அவருக்குப் பக்கத்தில் நான் அவருடைய முழங்கைக் கட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்தால் அவருடைய முகம் என்னவாகும் என்று உனக்குத் தெரியும். அதனால் எழுதுகிறேன். பக்கத்து வீட்டு மா-டினேயோ வியாழக்கிழமை மறுபடியும் உன் பக்கம் ஆப்பிள் பெட்டி கட்டும் வேலைக்குக் கிளம்புகிறாள், அவள் கையில் கொடுத்துவிடுவேன்.

மொஹாவ், எனக்கு உன் மேல் கோபம். உன் அப்பா மேல் அதைவிடக் கோபம், ஆனால் அவர் கண்ணெதிரே இருக்கிறார், கண்ணெதிரே இருக்கிற மனிதரிடம் எவ்வளவு நேரம்தான் கோபமாக இருக்க முடியும், களி கிண்டித் தட்டில் போட வேண்டியிருக்கிறது. நீ தொலைவில் இருப்பதால் உன் பங்கு சேதாரமில்லாமல் அப்படியே இருக்கிறது. போன கிறிஸ்துமஸுக்கு வந்திருந்தாயே, சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீ சைக்கிள் கடையில் சம்பளமில்லாமல் வேலை பழகிக்கொண்டிருந்ததைப் பற்றித் தங்கை புலானே ஏதோ கிண்டல் செய்தாள், “டயர் மாட்டுறதுக்கு ஒரு படிப்பா?” என்றாளே, அதற்கு நீ என்ன செய்தாய் என்று நினைவிருக்கிறதா. நான் ஆவியில் வேகவைத்த பெரிய உருண்டை ரொட்டியை எடுத்துத் தகர டம்ளரின் வாய்மேல் வைத்து இப்படியும் அப்படியும் ஆட்டிக் காட்டினாய். “இது சின்ன ரிம்முல அகல டயர், பாரு, மேல பல்பு மாதிரி உப்பிக்கிட்டு நிக்கும், வளைவுல திரும்பினா அடி ஒரு பக்கம் போவும், தல ஒரு பக்கம் போவும், காத்துக் கொறஞ்சா வாயிலேர்ந்து கழண்டுக்கும்” என்றாய். அப்புறம் சின்ன ரொட்டி ஒன்றைப் பெரிய தட்டின் நடுவில் வைத்து, “இது அகல ரிம்முல ஒல்லி டயர், ரெண்டு பக்கமும் இழுபட்டு மேல சப்பையாயிடும், கல்லுல மோதினா அடி நேரா ரிம்முக்குத்தான்” என்றாய். கடைக்கு வருகிற எவனையும் நம்ப மாட்டேன், சக்கரத்தைக் கொண்டுவரச் சொல்லி, டயரைக் கழற்றி, ரிம்மின் உள்வாயை அளந்து பார்த்துவிட்டுத்தான் டயரையே எடுத்துக் காட்டுவேன் என்று பெருமையடித்தாய். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இருபது வருடமாகப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன், அளந்து பார்த்துவிட்டுப் பேசு என்று தொண்டை வறளக் கத்துகிறேன், கடைசியில் என் வீட்டிலேயே ஒருவன் அதைக் கற்றுக்கொண்டான் என்று நினைத்தேன். முன்பின் தெரியாதவனுக்கெல்லாம் அளக்கிறாய். அப்பாவுக்கு அளக்கவில்லை. இங்கே நான் ஒருத்தி இருக்கிறேன், அளவுகோல் இருக்கிறது, எண் படிக்கத் தெரியும், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஈஸ்டருக்கு அந்தப் பொட்டலம் மா-டினேயோவோடு வந்து இறங்கிய நாளை உனக்கு யாரும் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டார்கள். மகனின் முதல் சம்பளத்தில் வந்த பொருள் என்று உன் அப்பா பெரியப்பாவை வரவழைத்தார், சித்தப்பாக்களை வரவழைத்தார், ஊர்த் தலைவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். நான் இரண்டு நாள் முன்பே சோள பீர் ஊறப்போட வேண்டியிருந்தது. ஒரு கோழி போயிற்று. இரண்டு டயரையும் பாயின் மேல் வைத்து எல்லோரும் தொட்டுப் பார்த்தார்கள், பெரியப்பா முன்னோர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உங்கள் பேரன் சம்பாதிக்கத் தொடங்கிவிட்டான், பாருங்கள் என்று சொல்லி, குடுவையிலிருந்து பீரை டயர்களின் மேல் ஊற்றினார். அப்புறம் வழக்கம்போல என்னிடம் வந்து வாழ்த்தினார்கள். நீ பிறப்பதற்கு முன்பே, கல்யாணத்தன்றே, உன் பெயரைத்தான் என் தலையில் கட்டினார்கள், அன்றுமுதல் நான் மா-மொஹாவ், மொஹாவின் அம்மா, அதனால் உனக்கு வருகிற புகழும் எனக்குத்தான், உனக்கு வருகிற ஏச்சும் எனக்குத்தான். ஆளுக்கொரு பக்கம் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தபோது பீர் வடிந்த டயரின் பக்கத்தில் அச்சடித்திருந்த எண்ணைப் பார்த்தேன். 2.6, அங்குலத்தில் அதன் அகலம். எனக்கு உடனே அந்த ரொட்டியும் டம்ளரும் கண்முன் வந்தன. இதை ஒளிக்க விரும்பவில்லை, அன்றைக்கு நானும் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள், உன் அப்பா ஆடிக்கொண்டிருந்தார், குதிரை திருட்டுப் போன நாளிலிருந்து அவர் அப்படி ஆடி நான் பார்க்கவில்லை. எந்தப் பெண்டாட்டி அந்த நேரத்தில் போய் மில்லிமீட்டர் பேசுவாள்.

மறுநாள் காலையில் மாட்டினார். மலைமேல் இருக்கும் பட்டிகளுக்கு மருந்து கொண்டுபோகக் கிளினிக்கில் அவருக்குக் கொடுத்தது பழைய சைக்கிள், அதன் பிரேக் கட்டைகளுக்கு நடுவில் இந்த டயர் நுழையவே இல்லை. அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. காற்றை இறக்கிச் சப்பையாக்கி உள்ளே நுழைத்து, அப்புறம் உட்கார்ந்து காற்றடித்தார். பின்சக்கரம் இரண்டு பக்கமும் சட்டத்தில் உரசியது. “புதுசுல அப்பிடித்தான் இருக்கும், தேய்ஞ்சா சரியாயிடும்” என்றார். டயர் தேயவில்லை, சட்டத்தின் பெயிண்ட்தான் தேய்ந்து இரும்பு தெரிகிறது. அவர் கணவாயிலிருந்து இறங்கும்போதே சர் சர் என்று ஊருக்கே கேட்கிறது, புலானே, “அம்மா, உன் வீட்டுக்காரர் வர்றாரு, களியைக் கிண்டு” என்கிறாள். அதட்டினேன், ஆனால் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததோடு போயிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டேன்.

காற்றை நிறைய அடித்தால் சைக்கிள் கல்லுக்குக் கல் துள்ளுகிறது, சரளையில் வழுக்குகிறது, பல்லெல்லாம் ஆடுகிறது. காற்றைக் குறைத்தால் சினை மாட்டின் வயிறுபோல இரண்டு பக்கமும் அசைகிறது, நீ சொன்னது அப்படியே நடக்கிறது, அடி ஒரு பக்கம் தலை ஒரு பக்கம். அதனால் ஏற்றத்துக்கு முன் நின்று இறக்குகிறார், இறக்கத்துக்கு முன் நின்று அடிக்கிறார், ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் இப்படி. செவ்வாய்க்கிழமை என்ன நாள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. மேல்பட்டியில் மாடு மேய்ப்பவர்களில் மூன்று பேர் காசநோய் மாத்திரை சாப்பிடுகிறார்கள், ஒவ்வொரு வாரமும் அந்த வாரத்து மாத்திரை இவர் பையில்தான் போகிறது. முதல் தடவை விழுந்தபோது உள்ளங்கை மட்டும். இரண்டாவது தடவை ஓடைக்கு மேலே, டயர் ரிம்மை விட்டுக் கழன்று, முழங்கை கிழிந்து, பை தண்ணீருக்குள் போயிற்று. மற்ற இருவரின் பொட்டலமும் மேலே இருந்ததால் தப்பித்தது, அடியில் இருந்த லெஃபாவின் மாத்திரை கரைந்துபோயிற்று. லெஃபாவை உனக்குத் தெரியும், நம் குதிரையைத் தேடி மூன்று நாள் உன் அப்பாவோடு அலைந்தவன். அவனுக்கு இது ஐந்தாம் மாதம், இன்னும் ஒரு மாதம்தான். இரண்டு நாள் மாத்திரை இல்லாமல் இருந்தான். கிளினிக் நர்ஸ் உன் அப்பாவைக் கூப்பிட்டு, “அண்ணே, இப்பிடி இன்னொரு தடவை ஆனா மருந்து கேக்காமப் போயிடும், முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்” என்றாள். அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து என்ன செய்தார் தெரியுமா. டயரைத் துடைத்தார்.

அன்றைக்குச் சக்கரம் வெறுமனே கிடந்தபோது லேப் வாத்தியாரிடம் வெர்னியர் அளவுகோல் இரவல் வாங்கி வந்து ரிம்மின் உள்வாயை அளந்தேன். பத்தொன்பது மில்லிமீட்டர். டயரின் 2.6 அங்குலமோ அறுபத்தாறு. பத்தொன்பதுக்கு இரண்டு புள்ளி ஒன்று போதும், மிஞ்சினால் இரண்டு புள்ளி இரண்டு, உன் டயருக்கு ரிம் முப்பது மில்லிமீட்டராவது வேண்டும், இதெல்லாம் நீ வாயில் ரொட்டியோடு சொன்ன கணக்குதான். அவர் வாசலில் நின்று பார்த்துவிட்டு, “என்ன டீச்சர், எனக்குப் பரீட்சையா?” என்றார். எண்ணைச் சொன்னேன். “பத்தொன்பதா, உன்னை முதமுதல்ல பாத்தப்ப உனக்கு அந்த வயசுதான்” என்று சொல்லி நைசாக நழுவப் பார்த்தார். நான் விடவில்லை, கழற்றுங்கள் என்றேன், பழைய டயரையே மாட்டுங்கள் என்றேன். அப்போதுதான் சிரிப்பை நிறுத்தினார். “அவன் முதல் சம்பளம் அது. பெரியவங்க தொட்டது, பீர் ஊத்தினது. அதைக் கழட்டிச் சுவத்துல மாட்டினா நான் என்ன அப்பன்? போன்ல கேப்பான், டயர் எப்பிடி இருக்குன்னு. என்ன சொல்லட்டும், ஆணியில தொங்குதுன்னா?” என்றார். இதே மனிதர்தான் குதிரைக்குச் சேணம் செய்யச் சொன்னபோது, அதன் முதுகு அகலத்துக்குக் காய்ந்த புல் தண்டு ஒன்றை நறுக்கிச் சேணக்காரருக்குக் கொடுத்தனுப்பியவர், வந்த சேணம் இரண்டு விரல் குறைந்தது என்று மழையில் ஆறு மணி நேரம் நடந்துபோய்த் திருப்பிக் கொடுத்தவர். குதிரையின் முதுகுக்கு இருக்கிற மரியாதை தன் கழுத்துக்கு இல்லை.

நான் யோசித்துப் பார்த்தேன் மொஹாவ், எனக்கு வேறென்ன வேலை, விடைத்தாளைத் திருத்திக்கொண்டே யோசித்தேன். உனக்குத் தெரிந்திருந்தது. பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் போனில் உன்னிடம், “போட்டிக்கு வர்றானுங்களே, அவனுங்க வண்டியில இருக்கிற மாதிரி தடியா ரெண்டு அனுப்புடா” என்று கேட்டார். போன செப்டம்பரில் சைக்கிள் போட்டிக்கு வந்த வெளியூர்க்காரர்கள் நம் பாதை வழியாகப் போகும்போது, இவர் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிற கற்களின் மேல் அவர்கள் உட்கார்ந்தபடியே போனதைப் பார்த்ததிலிருந்து அந்த ஆசை, தண்ணீர் குடிக்க நின்ற ஒருவனின் டயரைக் குதிரையின் கழுத்தைத் தடவுகிற மாதிரி தடவிக்கொண்டு நின்றார். அவர் கேட்டதும் போனில் நீ ஒரு கணம் பேசவில்லை. சிக்னல் போய்விட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். நான் நினைக்கவில்லை. நான் உன்னைப் பெற்றவள், உன் மௌனம் எனக்குத் தெரியும், கணக்கில் தப்பு இருக்கிறது என்று தெரிந்தும் கையைத் தூக்காமல் உட்கார்ந்திருக்கிற பையனின் மௌனம் அது. அப்புறம் “சரிப்பா” என்றாய். அப்பாவிடம் இல்லை என்று சொல்ல உனக்கு வாய் வரவில்லை, மகனின் பொருளை வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. இரண்டு ஆண்களும் ஒருவருக்கொருவர் அன்பு காட்டிக்கொள்கிறீர்கள், நடுவில் லெஃபாவின் மாத்திரை ஓடையில் போகிறது, செவ்வாய்க்கிழமை நான் வகுப்பில் நின்றுகொண்டு ஜன்னல் வழியாகக் கணவாயைப் பார்க்கிறேன். இந்த வீட்டில் இல்லை என்று சொல்வதற்கு நான் ஒருத்திதான் சம்பளமில்லாமல் வேலை பார்க்கிறேன், ஈஸ்டரன்று அதையும் சொல்லாமல் விட்டேன்.

இப்போது நீ உடனே அகல ரிம் வாங்கி அனுப்பலாம் என்று யோசிப்பாய், உன் புத்தி எனக்குத் தெரியும். அனுப்பாதே. இந்த அகலத்துக்கே சட்டத்தில் இடமில்லை, ரிம்மை அகலமாக்கினால் டயர் இன்னும் விரியும், சக்கரம் சுற்றவே சுற்றாது. ஒன்று செய். போன் செய்து, கூட்டம் இருந்தால் இருக்கட்டும், அந்த டயரைக் கழற்றுங்கள் அப்பா, அளவு தப்பு, தப்பு என்னுடையது என்று சொல். கொடுத்தவன் சொன்னால்தான் கேட்பார். மேலே பனி உறையத் தொடங்கிவிட்டது, காலையில் வாளித் தண்ணீரின் மேல் ஏடு கட்டுகிறது, கணவாயின் நிழல் பக்கம் இனி குளிர்காலம் முடிகிற ஆகஸ்ட் வரை கண்ணாடிதான். நாளைக்கும் செவ்வாய்க்கிழமை.

புதன்கிழமை

திங்கட்கிழமை எழுதியதைக் கிழித்துப் போடலாமா என்று பார்த்தேன், போடவில்லை, நான் கோபப்பட்டது உனக்குத் தெரியட்டும். நேற்று நடந்ததை எழுதுகிறேன். நான்கு மணிக்கு வர வேண்டியவர் ஐந்தாகியும் வரவில்லை. சர் சர் சத்தமும் இல்லை. புலானே இரண்டு தடவை மேட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்தாள், அவள் கிண்டல் செய்யாமல் இருந்தது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. கடைசியில் வந்தார், நடந்து வந்தார், சைக்கிள் தோளில், முன் டயர் ரிம்மிலிருந்து கழன்று கழுத்தில் மாலைபோலத் தொங்கிக்கொண்டிருந்தது. மாத்திரைகள் போய்ச் சேர்ந்துவிட்டன, அதைத்தான் முதலில் சொன்னார். திரும்பும்போது நிழல் பக்கத்து வளைவில், கீழே ஒன்றுமே இல்லாத அந்த வளைவில், கழன்றிருக்கிறது. இவர் மலைப் பக்கமாக விழுந்தார். “கல்லு ஒண்ணு” என்றார். நான் ஒன்றும் பேசாமல் வெந்நீர் வைத்துக் காயத்தைக் கழுவினேன். “ஏன் பேச மாட்டேங்கிற?” என்றார். பேசினேன் மொஹாவ். பொய் பேசினேன்.

அந்த டயர் உங்களுடையது இல்லை என்றேன். மொஹாவ் அதை எனக்கு அனுப்பினான் என்றேன். மா-டினேயோ வாசலில் சொல்ல மறந்துவிட்டாள், அப்புறம் சொன்னபோது வீடு நிறைய ஆட்கள், நீங்கள் ஆடிக்கொண்டிருந்தீர்கள், எனக்குச் சொல்ல மனம் வரவில்லை, இப்போது சொல்கிறேன், என் பொருளை என்னிடம் கொடுங்கள் என்றேன். ஒரு கணக்கு டீச்சர் மகனின் முதல் சம்பளத்தில் சைக்கிள் டயர் கேட்டாள் என்று எந்தப் பைத்தியக்காரன் நம்புவான். எனக்குச் சைக்கிள் ஓட்டவே தெரியாது. புலானே ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், நான் ஒரு பார்வை பார்த்தேன், மூடிக்கொண்டாள். அவர் எழுந்துபோய்ப் பின்சக்கரத்து டயரையும் கழற்றினார். இரண்டையும் சோப்பு போட்டுக் கழுவினார், டயர் மேலிருக்கும் ரப்பர்க் கட்டைகளுக்கு நடுவிலிருந்து பிரஷ்ஷால் மண்ணைத் தோண்டி எடுத்தார், துணியால் துடைத்தார். பிறகு என் முன்னால் வந்து நின்று, நல்ல நாளில் கொடுப்பதுபோல இரண்டு கைகளாலும் பிடித்து நீட்டினார். நானும் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டேன். எனக்குச் சொந்தமில்லாத ஒன்றை அவ்வளவு மரியாதையோடு யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. கொடுத்துவிட்டு, “அப்ப எனக்கு என்ன அனுப்பினான்?” என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார், கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார். அந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டு நாளாக எல்லாவற்றையும் யோசித்தவள் இதை மட்டும் யோசிக்கவில்லை. வந்துகொண்டிருக்கிறது என்றேன்.

ஆகவே வந்துகொண்டிருக்க வேண்டும், புரிகிறதா. பழைய டயர்கள் அடுப்படியின் தகரக் கூரைமேல் காற்றுக்குப் பாரமாகக் கிடந்தன, இன்று காலையில் ஏணி போட்டு எடுத்து மாட்டியிருக்கிறார். உரசவில்லை, ஆடவில்லை, ஆனால் ஒன்றில் பக்கச் சுவர் பிய்ந்து நூல் தெரிகிறது, உள்ளே பழைய ட்யூப் துண்டை வைத்துக் கோணித் தைக்கும் நூலால் தைத்திருக்கிறார், மேலே கட்டையெல்லாம் வழுக்கையாகிவிட்டது. மூன்று செவ்வாய் தாங்கும் என்கிறார், அப்படியென்றால் இரண்டு தாங்கும். ஞாயிற்றுக்கிழமைக்குள் மா-டினேயோ உன்னிடம் வந்துவிடுவாள். அன்று போன் செய்யும்போது அந்த நாற்பது பேருக்கும் கேட்கும்படியாக, அம்மாவுக்கு அனுப்பியது அம்மாவிடம் சேர்ந்ததா என்று நீயே முதலில் கேட்டுவிடு. நான் சேர்ந்தது என்று சொல்வேன். அம்மாவுக்கு எதற்கடா டயர் என்று பெரியப்பா கேட்பார், கேட்காமல் இருக்க மாட்டார், என்னவாவது சொல், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்த என்று சொல், அது பொய்யாகக்கூட இருக்காது, அடுத்த வாரம் பத்தாம் வகுப்புக்கு வட்டச் சுற்றளவு நடத்துகிறேன்.

வேறு செய்தி. புலானேவுக்கு ஜூனில் பரீட்சை, புத்தகத்தைத் தவிர எல்லாவற்றையும் படிக்கிறாள், நீ அவளிடம் பேசும்போது கொஞ்சம் அதட்டு, என் அதட்டல் பழகிவிட்டது அவளுக்கு. பட்டாணி இந்த வருடம் பரவாயில்லை, உலர்த்திய பீச் ஒரு பை மா-டினேயோவிடம் கொடுத்திருக்கிறேன், நண்பர்களுக்கு வாரிக் கொடுத்துவிட்டு நீ வெறும் பையை வைத்துக்கொண்டு உட்காராதே. கோவிலுக்குப் போகாவிட்டாலும் ஞாயிற்றுக்கிழமை துணியாவது துவை. அந்தக் கடை முதலாளி நல்லவர் என்றாய், நல்லவராக இருந்தாலும் வேலை நேரத்தை எழுதி வைத்துக்கொள். உன் அப்பாவிடம் இல்லை என்று சொல்லப் பழகு, அவர் உடைந்துபோக மாட்டார், அவர் சேணக்காரரையே அழ வைத்த மனிதர். என்னிடமும் சொல்லப் பழகு. நானும் பழகிக்கொண்டிருக்கிறேன், நேற்று ஆரம்பித்தேன், பொய்யில்தான் ஆரம்பிக்க முடிந்தது.

நம் முன்னோர்களும் கடவுளும் உன் கையிலும் காலிலும் கண்ணிலும் காவல் இருக்கட்டும், நீ தொட்ட சக்கரம் எவனையும் கீழே தள்ளாமல் இருக்கட்டும், குளிர் உன் நெஞ்சில் இறங்காமல் இருக்கட்டும். நினைவூட்டல் ஒன்றே ஒன்று, அப்பாவுக்கு அனுப்புவது இரண்டு புள்ளி ஒன்று, இரண்டு டயர், அதற்குமேல் ஒரு நூல்கூட வேண்டாம்.

இதை மடித்து ஒட்டப்போன நேரத்தில் உன் அப்பா உள்ளே வந்தார். யாருக்கு என்று கேட்கவில்லை. காய்ந்த புல் தண்டு ஒன்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார், இரண்டு முனையும் கத்தியால் நேராக நறுக்கியிருந்தது, என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். “இதையும் உள்ள வையி, அவனுக்குப் புரியும்” என்று சொல்லிவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். காகிதத்தில் சுற்றி வைத்திருக்கிறேன், பிரிக்கும்போது பார்த்துப் பிரி. வழியில் உடைந்துபோயிருந்தால், பத்தொன்பது.

உன் அம்மா,
மா-மொஹாவ்